மெதுவான எலெக்ட்ரான்கள் காணாமல் போன வாரம்

செப்டம்பர் 26, வெள்ளி

டயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து பஸ்ஸில் சும்மா கிடந்தது. பிற்காலத்தில் படிக்கிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று இன்றைக்குத் தொடங்குகிறேன்.

நான் ஆறுமுகநயினார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் மினிபஸ் ஓட்டுகிறேன். படிப்பு எட்டாவது. சயின்ஸில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். ஒன்பதாம் வகுப்புக்கு நான் போகாதது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அக்கா மகள் முப்பிடாதி இங்கே கடற்கரையோரம் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இந்த நேரம் பார்த்துத்தான் மெஷினில் அவள் முறை வருகிறது. அந்த மெஷினுக்கு நாடு பூராவிலிருந்தும் ஆள் வரிசையில் நிற்கிறார்களாம். இந்த முறையை விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் அவளுக்குக் கொடுத்த காலம் முடிந்துவிடும். ஐந்து வருஷப் படிப்பு அந்தரத்தில் நிற்கும். "நீ போயி பிள்ளைக்கு வலது கையா இருல. ஆனா வாலச் சுருட்டி வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று அக்கா ரயிலேற்றி விட்டாள்.

வாசலில் காவலுக்கு நின்றவர் என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார். என் நடையைப் பார்த்தே பெரிய இடம் என்று நினைத்திருப்பார். பிறகு பாஸ் கேட்டார். பாஸ் வரும்வரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். அதுவும் மரியாதையாகத்தான். தங்குவதற்கு அங்கேயே விருந்தினர் விடுதியில் அடுப்போடு ஓர் அறை கொடுத்தார்கள்.

பஸ் டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரைக் கழற்றிக் கூடவே எடுத்து வந்திருக்கிறேன். நம் ரோட்டுப் பள்ளத்துக்குச் சாதாரணப் பிள்ளையார் தாங்கமாட்டார் என்று, பழைய ஸ்பீக்கரில் இருந்த பெரிய காந்தத்தைப் பிடுங்கி அவர் பீடத்தில் நானே ஒட்டினேன். அவரை அசைக்க இரண்டு ஆள் வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி. முப்பிடாதிக்குச் சடை பின்னிவிட்டேன். லக்கேஜ் கட்டுகிற முடிச்சுதான். அவிழவே இல்லை. சாயங்காலம் அவிழ்க்க இரண்டு பேர் வந்தார்கள்.

மத்தியானம் கேட்டேன். "ஏ புள்ள, அப்படி என்னதான் படிக்க? ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

"அயனிய வேகமா விட்டு ஹீலியம் அணு மேல மோதவைக்கோம் மாமா. மோதும்போது அணுவுல இருந்து எலெக்ட்ரான் தெறிக்கும். எந்தப் பக்கம் தெறிக்கு, என்ன வேகத்துல தெறிக்கு, எத்தனை தெறிக்குன்னு எண்ணுறோம்."

"அயனின்னா?"

"அதுவும் அணுதான். சில எலெக்ட்ரானப் பிடுங்கிட்டு ஓடவிடுறோம். மோதணும்னுகூட இல்ல. பக்கத்துல போனாலே போதும், தெறிச்சிரும்."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நானே அவளுக்கு விளக்கினேன். அயனிதான் என் பஸ். ரோட்டோரம் நிற்கிற ஆள் அணு. அவன் தோளில் கிடக்கும் துண்டு எலெக்ட்ரான். பஸ் ஒரு கை தூரத்தில் போனால், காற்றில் துண்டு மெதுவாக நழுவிப் பக்கத்திலேயே விழும். இது ஒன்று. பஸ்ஸின் கண்ணாடியே துண்டில் அடித்தால், அது பிய்த்துக்கொண்டு தூரத்தில் போய் விழும். இது இரண்டு.

"மூணாவது ஒண்ணு இருக்கு மாமா" என்றாள் முப்பிடாதி. அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. "துண்டு பறந்து பஸ்ஸுக்குப் பின்னாலயே, பஸ் போற அதே வேகத்துல ஓடிவரும். ஆள்கிட்டயும் இல்ல, பஸ்ஸுக்குள்ளயும் இல்ல."

"அது டீசல் புகையில மாட்டுன துண்டு" என்றேன். நம் ரோட்டில் அப்படி நூறு துண்டு பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன். நூறு என்பது குறைத்துச் சொன்னது.

அவளுக்கு முக்கியம் முதல் ரகம்தான். மெதுவாக நழுவுகிறவை. புத்தகக் கணக்கு சொல்வதைவிட அவை அதிகம் என்பது அவள் கட்சி. அதைக் காட்டினால் பட்டம். காட்டாவிட்டால், பட்டத்துக்கு எழுதுகிற கட்டுரையில் அந்தப் பாடத்தையே கிழித்துப் போட வேண்டியதுதான் என்று அவளுடைய கைடு பரிமளா மேடம் சொல்லியிருக்கிறாராம்.

செப்டம்பர் 29, திங்கள்

எனக்குச் சட்டையில் குத்த ஒரு பேட்ஜ் பட்டை கொடுத்தார்கள். கதிர்வீச்சு பட்டால் தெரியுமாம். கலெக்டருக்கு இருக்குமே, அந்த மாதிரி. குத்திக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மெஷினை ஓட்டுகிறவர் தேவசகாயம். நாகர்கோவில்காரர். என்னைப் போலவே டிரைவர்தான். அவர் ஓட்டுவது கண்ணுக்குத் தெரியாத வண்டி, அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னேன். "ஓய், உம்ம வண்டியில ஹாரன் உண்டு, எனக்கு அதுவும் இல்ல" என்றார்.

முப்பிடாதியின் பகுதி ஒரு தனி அறை. நடுவில் பளபளவென்று ஒரு பெரிய அண்டா. உள்ளே காற்றே கிடையாது, உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஒரு பக்கத்திலிருந்து அயனி வரும், மேலிருந்து ஊசி வழியாக ஹீலியம் இறங்கும். அண்டாவைச் சுற்றி ஆளுயரத்துக்குச் செம்புக்கம்பி வளையங்கள். துண்டு காயப்போட வசதியாக இருந்தது. போட்டேன். தேவசகாயம் எடுத்து என் முகத்திலேயே எறிந்தார்.

ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த வேறொரு அயனியை விட்டு முன்னோட்டம் பார்த்தார்கள். வேறு நாட்டுக்காரர்கள் அதை முன்பு அளந்ததும் இதுவும் அச்சாகப் பொருந்தியது. ஊசி மட்டும் ஒரு மயிரிழை சாய்வு என்று திறந்து நிமிர்த்தினாள், இடது கையால். மூடியின் போல்ட்டெல்லாம் நான் முறுக்கினேன். எதிரும் புதிருமாக, வீல் நட் முறுக்குகிற மாதிரி. மேடமே பார்த்து அசந்துபோனார். "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை என்று முப்பிடாதி சொன்னாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாம் நானே போய் வாங்கி வந்தேன்.

மேடம் ஒரே உத்தரவாகப் போட்டுவிட்டார். "கன்ட்ரோல் ரூம் கதவுக்குச் சந்தனம் வைங்க. உள்ள ஒரு பொருள் போகக்கூடாது." முப்பிடாதியும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மாமா, அண்டாப் பக்கம் போயிராதீங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்." ஒரு கையில் மாவுக்கட்டோடு எப்படிக் கும்பிடுவாள்? ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

இருந்தாலும் மெஷினை விட்டுவிட்டுக் கதவுக்குச் சந்தனம் வைப்பது, பஸ்ஸை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குச் சூடம் காட்டுகிற மாதிரி. இருபத்தைந்து வருஷமாக பூசை போடாத வண்டியை நான் எடுத்ததில்லை. பிள்ளை வாழ்க்கையே அந்த அண்டாவுக்குள் இருக்கிறது.

எல்லாரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது, உள்ளே விளக்குமாற்றை மறந்து வைத்துவிட்டதாக எனக்கு ஞாபகம் வந்தது. போய் எடுத்து வந்தேன். போன இடத்தில் ஒரு சின்ன வேலை. மஞ்சள் கயிறு ஒரு முழம் செலவு.

இன்னொரு விஷயம். அந்த அண்டாவின் இரும்பில் காந்தம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கம்பெனிக்காரன் இவர்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறான். இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது இங்கே அவசியமில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. பம்பு மட்டும் ஓடுகிறது. மீதிப் பொரியில் உப்புமா செய்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைக்கு நிஜ ஓட்டம். அயனி ஓடும்போது அறையைப் பூட்டிவிடுவார்கள். யாரும் உள்ளே போக முடியாது. எல்லாரும் வெளியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இடது ஓரம் மெதுவான எலெக்ட்ரான், வலது ஓரம் வேகமானது. இடப்பக்கம் உயரமான மலை மாதிரி ஏறி, வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும்.

வலப்பக்கம் சரியாக இருக்கிறது. இடப்பக்கம் மொட்டை. மெதுவானவை ஒன்றுகூட வந்து சேரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மேடம், ஏறும்" என்றாள் முப்பிடாதி. சாயங்காலம் வரைக்கும் அதையே சொன்னாள். ஏறவில்லை.

அக்டோபர் 4, சனி

எண்ணுகிற கருவிக்கு வெளியே போகிற வயரையெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். ஹீலியத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். அதே மொட்டை. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "செவ்வாய்க்கிழமை சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"ஊசி மட்டும்தான் மேடம். எடது கையால வச்சேன். என் தப்பாத்தான் இருக்கும்."

போல்ட் முறுக்கினது நான், என்னைக் கேளுங்கள் என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு கொடுத்தேன். "அந்தச் செம்பு வளையம் எதுக்குட்டி?"

"பூமிக்கே ஒரு காந்தம் உண்டுல்லா மாமா. அந்தச் சின்னக் காந்தம்கூட எலெக்ட்ரான வளைச்சிரும். அத ரத்துப் பண்ணத்தான் வளையத்துல கரண்ட் விடுறோம். மெதுவா வாரதுதான் ரொம்ப வளையும். எதிர்க்காத்து ஒங்க பஸ்ஸ ஒண்ணும் பண்ணாது, சைக்கிள்ல போறவனத் தள்ளிவிட்டுரும். அந்த மாதிரி."

"சரி. ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒரு ஸ்பீக்கர் காந்தம் பக்கத்துல இருந்தா?"

"ஒழிஞ்சுது. மெதுவானது ஒண்ணும் வந்து சேராது. ஏன் கேட்டிய?"

"பொது அறிவுக்கு."

இன்றைக்குக் கத்தரிக்காய் சரியில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஓட்டத்தை ஒரு தடவைதான் நிறுத்தினார்கள். அப்போது கதவைத் திறந்தார்கள். மேடம் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். என் வாய்வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அதற்குள் மேடம் முப்பிடாதியிடம், "மனசத் தேத்திக்கம்மா, இந்தப் பாடம் இல்லாம எழுத முடியுமான்னு யோசி" என்றார். வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

பிள்ளை சாப்பிடவில்லை. நானும் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஹீலியம் தீர்ந்தது. சிலிண்டர் மாற்ற நானும் தேவசகாயமும் உள்ளே போனோம். சிலிண்டரை நான் ஒற்றைக் கையால் தூக்கினேன். தேவசகாயம் மறு பக்கம் லேசாகப் பிடித்திருந்தார்.

"அண்ணாச்சி, பெரிய ஸ்பேனர் வெளிய இருக்கு" என்றேன்.

"ஒம்ம கையிலதான ஓய் இருக்கு?"

"இது சின்னது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அண்டாவுக்கு அடியில் கொஞ்சம் கூட்டினேன். குப்பை இருந்தது. வரும்போது என் மடி கொஞ்சம் கனமாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஓட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் எழும்பியது. ஏறி, ஏறி, மலையாக நின்றது! முப்பிடாதி மாவுக்கட்டால் மேசையை அடித்தாள். நான் தேவசகாயத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். பழனி மலையில் தேர் இழுத்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு பலம் வந்ததில்லை. அப்பாடா என்று உட்கார்ந்து, எல்லாருக்கும் காபி போட்டேன். விஷயம் முடிந்தது, இனி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

காபி ஆறுவதற்குள் முப்பிடாதி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஏன் வந்துச்சு?"

"வந்துட்டுல்லா, பெறகென்ன?" என்றேன்.

"மாமா, ஏன் போச்சுன்னு தெரியாது. ஏன் வந்துச்சுன்னும் தெரியாது. பாதி வந்துருக்கா, முழுசா வந்துருக்கான்னு எப்படிச் சொல்லுவேன்? புத்தகத்தவிட அதிகம்னு நான் எழுதுனா, ஒன் கருவிக்கு வந்த கோளாறு அதுன்னு ஒரே வார்த்தையில அடிச்சிருவாங்க."

மேடமும் தலையாட்டினார். "காரணம் தெரியாம இந்த அளவு ஒண்ணுக்கும் ஆகாது. காலையில திறந்து எல்லாத்தையும் கழட்டிப் பாரு."

தேவசகாயம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "திறந்தா காத்து உள்ள போகும். மறுபடியும் உறிஞ்ச ரெண்டு மூணு நாளு. வியாழனோட இவ முறை தீருது. பிள்ளைக்கு இந்த வருசம் அவ்வளவுதான் ஓய்."

அக்டோபர் 7, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் முப்பிடாதி இடது கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். கண் வீங்கியிருந்தது. "மாமா, வாங்க, முதல் போல்ட்ட நீங்க கழட்டுங்க" என்றாள்.

"கழட்டாண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். யாரோ ஒருத்தன், வெளியூர்க்காரனாக்கூட இருக்கலாம், நல்ல எண்ணத்துல ஏதாவது ஒண்ண அடியில வச்சிருந்தா..."

அவள் என்னையே பார்த்தாள். அதற்கு மேல் வெளியூர்க்காரனைத் தாங்கிப் பிடிக்க என்னால் முடியவில்லை. பையிலிருந்து பிள்ளையாரை எடுத்து, வாசலுக்கு வெளியே மேசையில் வைத்தேன். கூடவே வந்த முப்பிடாதி ஸ்பேனரை மேசையில் வைத்தாள். அது டக்கென்று நகர்ந்து போய்ப் பிள்ளையார் பீடத்தில் ஒட்டிக்கொண்டது.

முப்பிடாதி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"எப்ப வச்சிய?"

"ஆயுத பூசையன்னைக்கு."

"எங்க?"

"அண்டாவுக்கு அடியில, குழாய்க்குப் பின்னால. ஒட்டல. அதனால மஞ்சக் கயிறு போட்டுக் கட்டினேன்."

"எப்ப எடுத்திய?"

"நேத்து. சிலிண்டர் மாத்தும்போது. நீ என் தப்புன்னு சொன்னியே தாயி, அது ஒன் தப்பு இல்ல. ஒன் எடது கை நல்லாத்தான் வச்சுது. நான்தான்."

திட்டுவாள் என்று நின்றேன். பஸ்ஸை ஏற்றிக் கொன்றுவிடுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிட்டே போனால், சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் ஓடுகிறது. "மேடம்!" என்று கத்தினாள். "ஊசி இல்ல மேடம்! பிள்ளையாரு!"

மேடம் வந்தார், கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "திரும்ப வைங்க."

"மேடம்?"

"அதே இடத்துல. அதே கயிறு. அதே மாதிரி கட்டுங்க. சொன்னாப் போதாது, காட்டணும்."

கட்டினேன். கதவைப் பூட்டி அயனியை விட்டார்கள். இடப்பக்கம் மொட்டை. நிறுத்தி, பிள்ளையாரை எடுத்தேன். மறுபடி விட்டார்கள். மலை. திரும்ப வைத்தேன், மொட்டை. எடுத்தேன், மலை. காந்தத்தை அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து, அவர் பலம் எவ்வளவு, எந்த வேகம் வரைக்கும் உள்ள எலெக்ட்ரானை விழுங்குவார் என்று கணக்குப் போட்டார்கள். மொட்டை முடிகிற இடமும் கணக்கும் ஒத்துவந்தது.

"சாமிய இத்தனை தடவ ஏத்தி எறக்குன பூசைய எங்க ஊர்ல ரெண்டு மதத்துலயும் பாத்ததில்ல ஓய்" என்றார் தேவசகாயம்.

கடைசியில் முன்னோட்டத்துக்கு விட்ட அதே அயனியை விட்டு, வேறு நாட்டுக்காரர்களின் பழைய அளவோடு ஒப்பிட்டார்கள். பிள்ளையார் இல்லாதபோது அச்சாகப் பொருந்தியது. முழுசாகத்தான் வருகிறது என்று மேடமே சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் பட்டையை மட்டும் வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். இனி நான் உள்ளே போகக்கூடாது. நியாயம்தான்.

முப்பிடாதி இன்றைக்குத் தோசை ஏழு தின்றாள்.

அக்டோபர் 8, புதன்

மெஷின் நிற்காமல் ஓடுகிறது. நான் வெளியே பெஞ்சில். சிலிண்டர் வந்தால் வாசல்வரைக்கும் தூக்கிக் கொடுக்கிறேன். தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போனேன். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். மலை புத்தகக் கோட்டுக்கு மேலே ஏறுகிறதா என்று கேட்டேன். "இன்னும் எண்ணணும் மாமா. கொஞ்சம் எண்ணிட்டு சந்தோசப்பட்டா ஏமாந்துருவோம்" என்றாள். நான் முந்தியே சந்தோஷப்பட்டுவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் அவள் முறை முடிந்தது. தேவசகாயம் அயனியை நிறுத்தினார். ஒரு பெரிய சத்தம் அடங்கின மாதிரி இருந்தது, உண்மையில் சத்தமே கிடையாது.

மேடம் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். புத்தகம் சொன்ன கோடு கீழே, முப்பிடாதி எண்ணினது மேலே. பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு விரல் கனம். ஆனால் கடைசிவரைக்கும் மேலேயே போகிறது.

"எழுது" என்றார் மேடம். ஒரே வார்த்தை. தாளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பிடாதி அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசல் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காற்று கடலிலிருந்து வந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம். அந்த டீ மாதிரி ஒரு டீயை நான் குடித்ததில்லை. கடைக்காரன் அப்படி ஒன்றும் நன்றாகப் போடுகிறவன் இல்லை.

அக்கா போன் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளை வேலை முடிஞ்சுதால?"

"நல்லபடியா முடிஞ்சுது அக்கா. பட்டம் வாங்கிருவா."

"கடவுளே! ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. நீ அங்க போயி என்னல பண்ணின?"

சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. இயந்திரம் திணறியது, விஞ்ஞானிகள் கையைப் பிசைந்தது, நான் ஒரு பார்வை பார்த்தது, மேடம் எழுந்து நின்று கைதட்டியது வரைக்கும். வாயைத் திறந்தேன். முப்பிடாதி டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. என்னதான் சொல்கிறார் பார்ப்போம் என்கிற மாதிரி.

"சிலிண்டர் தூக்கினேன் அக்கா" என்றேன்.

அக்கா பதறிப்போய்க் கேட்டாள்:

"ஏல, ஒடம்புக்கு எதுவும் சரியில்லையால?"

முப்பிடாதிக்குப் புரை ஏறி, டீயெல்லாம் என் வேட்டியில்.